அரியாங்குப்பம் முனையில் வைத்த பேனர்

அப்போது நான் உப்பளத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். நட்புத் தளம் என்று ஒன்று வந்து, பிள்ளைகள் அதில் முகம் தெரியாதவர்களோடு அரட்டை அடிக்கிறார்கள் என்று ஊரே பேசியது. அதிலுள்ள ஆபத்தைப் பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட் பேசும் வேலையைத் தலைமையாசிரியை என் தலையில் கட்டினார். கம்ப்யூட்டர் தெரிந்தவளுக்கு அதற்குள் நடக்கிற அக்கிரமமெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர் நினைப்பு. எனக்கோ அந்தத் தளத்தில் ஒரு கணக்குகூடக் கிடையாது.

லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுப் பக்கத்து சென்டருக்குப் போய், இதற்காகவே ஒரு கணக்குத் தொடங்கினேன். வகுப்பில் சொல்ல உதாரணம் வேண்டுமே என்று, எங்கள் பள்ளிக்கு நிறைய பிள்ளைகள் வருகிற ஊராயிற்றே என அரியாங்குப்பம் என்று அடித்துத் தேடினேன். அந்தக் கால இணைப்பில் படம் மேலிருந்து கீழாக நிதானமாகத்தான் இறங்கும். நெற்றிச்சுட்டி வந்தது, அப்புறம் கண், அப்புறம் மாலை. என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிற பெண். வயது இருபத்தொன்று என்று போட்டிருந்தது.

படத்துக்குக் கீழே ஆண்கள் எழுதியிருந்தார்கள், தமிழை ஆங்கில எழுத்தில். ஒருவன் எந்த ஸ்கூல் என்று கேட்டிருந்தான். இன்னொருவன் எங்கள் பள்ளியின் பெயரைச் சரியாகச் சொல்லியிருந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். எழுதியவனே அங்கே உட்கார்ந்திருக்கிறானோ என்று பயந்து, பக்கத்தை மூடிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் வகுப்பில் என்ன பேசினேன் என்று கேட்டால், எல்லோரும் சொல்வதைத்தான் பேசினேன். போட்டோ போடாதீர்கள், தெரியாதவனுக்குப் பதில் எழுதாதீர்கள், தப்பாக ஏதாவது நடந்தால் மறைக்காமல் வீட்டில் சொல்லுங்கள். மூன்றாவது பெஞ்ச் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. பீரியட் முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சென்டர் வாசலைக்கூட மிதித்ததில்லை என்றாள். நான் நம்பவில்லை. லேபில் இணைப்பு இருந்த ஒரே கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து காட்டினேன்.

அவள் படத்தின் ஓரத்தைத் தொட்டாள். அங்கே ஒரு கயிற்று முடிச்சும், பாதியில் அறுந்த 'தாய்மாம' என்ற எழுத்தும் தெரிந்தன.

"இது என் பேனர் மிஸ்," என்றாள்.

போன வருஷம் நடந்த மஞ்சள் நீராட்டு விழாவுக்கு அரியாங்குப்பம் முனையில் அவள் அப்பா வைத்தது. எங்கள் ஊரில் பெண் வயதுக்கு வந்தால் ஆளுயரத்துக்கு அவள் முகத்தை நிறுத்தி, சுற்றிலும் மாமன் சித்தப்பன் முகங்களை வரிசையாக வைப்பது வழக்கம். விழா முடிந்து மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். நானும் தினம் எத்தனையோ பேனர்களைப் பார்த்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனவள்தான். எவனோ போனில் அதைப் படம் பிடித்து, அவள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான்.

"எங்கப்பாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ். படிச்சது போதும்னு நிறுத்திடுவாரு."

அவள் அக்காள் முறைப் பெண் ஒருத்தியை, பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனோடு பேசினாள் என்பதற்காகவே நிறுத்திவிட்டார்களாம். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. புகார் சொல்ல அந்தத் தளத்தில் இருந்த பட்டனை அழுத்தினேன், பதில் இல்லை. தினமும் அழுத்தினேன். படம் அப்படியே இருந்தது, கீழே எழுதுகிறவர்கள்தான் கூடிக்கொண்டே போனார்கள். காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிடுவேன்.

ஒரு நாள் அவள் அப்பாவே வந்துவிட்டார். மில் வேலை போனபின் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர். ஸ்டாஃப் ரூம் வாசலில் அவரையும், பக்கத்தில் முகம் வெளுத்து நின்ற அவளையும் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது போல என்று நினைத்தேன். அவரோ சிரித்துக்கொண்டே பத்திரிகை நீட்டினார். சின்ன மகள் பெரியவளாகிவிட்டாளாம், அடுத்த வாரம் விழாவாம். சட்டைப் பையிலிருந்து சின்னவளின் இரண்டு போட்டோக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்த தடவ பெரிய பேனரா வைக்கப்போறேன் டீச்சர். கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க, எது நல்லா விழும்னு நீங்களே சொல்லுங்க."

சின்னவளுக்கு முன்பல் லேசாகத் தூக்கியிருந்தது. பேனரில் முகம் வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றேன். முகம் இல்லாமல் என்ன பேனர் என்று கேட்டார். பேனரைப் படம் பிடித்துத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"பெரியவளோடத எடுத்துட்டானுங்களா?"

மறைக்காதீர்கள் என்று வகுப்பில் அத்தனை வீரமாகப் பேசிய நானே, இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஆமாம்ப்பா," என்றாள் அவள். "எடுத்துட்டாங்க."

அவர் அடித்துவிடுவார் என்று நினைத்து நான் எழுந்தேவிட்டேன். அவர் அசையவில்லை. காட்டுங்க டீச்சர் என்றார். லேபில் படம் மறுபடி மேலிருந்து இறங்கியது. அது முழுசாக வருவதற்குள் உள்ளங்கையால் திரையில் மகள் முகத்தை மூடிக்கொண்டார். கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. படத்தை எப்போது நீக்குவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். மேஜைமேல் கிடந்த போட்டோக்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் முதல் பீரியட்டில் மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பியபோதுதான் அவரைக் கவனித்தேன். மகளைக் கொண்டுவந்து விட்டவர், சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கு எதிரே நின்றிருந்தார். தெருவில் கையில் போனோடு போகிற ஒவ்வொருவன் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை மணி அடித்து நான் வெளியே வந்தபோதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.