சாம்பியனில் ஏறுவதற்கு ஒரு கை

கையுறையின் பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்குகிறார் ஐடா அக்கா. விரல்களின் மேல் மெல்லிய குழாய்கள் ஓடும் கையுறை அது. பொத்தானை அமுக்கினால் காற்று ஏறி வலது கையை மூடும், இறங்கினால் விரிக்கும். பக்கவாதம் வந்து விரல்கள் பிடி இழந்த பிறகு, காலை ஜெபத்துக்கும் முந்தி இதுதான். "இன்னாமா மூச்சு வாங்குது பாரு, என்னைவிட கெழவி இது" என்பார்.

வீடு சாம்பியன் ஸ்டேஷனுக்குப் பின்னால். மாரிகுப்பத்திலிருந்து விடியலில் வரும் பெங்களூர் வண்டியில்தான் அக்கா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்வந்தார். சாம்பியனில் வண்டி நிற்பதாகப் பேர். பிளாட்பாரமும் தாழ்வு, கம்பியைப் பிடித்து எம்பினால்தான் ஏறலாம். அத்தான் வால்டர் வாசல் நிலையில் அதே உயரத்துக்கு, பிடித்துப் பழக ஒரு கம்பி அடித்துக் கொடுத்திருக்கிறார். கையுறையோடு பிடித்தால் கெட்டி. கழற்றினால் நழுவுகிறது. கடல் தாண்டி இருக்கும் நான் இதையெல்லாம் வீடியோவில்தான் பார்க்கிறேன்.

"மெஷினு புடிக்குது, நீ புடிக்கலமே" என்று அத்தான் சீண்டுவார்.

"நான் ஊட்லயே கெடந்தா சூடா டீ கெடைக்குது இல்ல? அதான் வாய் ஓடுது உங்களுக்கு."

வேலை போனதற்கு அக்கா அதிகம் புலம்புவதில்லை. அவர் தேடுவது பெண்கள் பெட்டியை. அங்கே அவரவர்க்கு ஓர் இடம் உண்டு. ஒருத்தி அவரைக்காய் உரிப்பாள், ஒருத்தி பூக் கட்டுவாள், பங்காரப்பேட்டை வருவதற்குள் ஊர்க்கதை முடிந்துவிடும். மாரிகுப்பத்தில் ஏறும் சரோஜம்மா, அக்காவின் ஜன்னலோர இடத்தில் இன்னமும் கைக்குட்டை போட்டு வைக்கிறாராம்.

இன்று நான் வீடியோவில் இருக்கும்போதே அத்தானின் போனில் சரோஜம்மா அழைத்தார், ரயில் சத்தத்தோடு. அத்தான் ஸ்பீக்கரில் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

"ஐடா, கோரமண்டல் ஸ்டேஷன்ல ஒரு பொண்ணு புதுசா ஏறுதுமே. மாசமா இருக்குது, நின்னுகினே வருது. உன் எடத்துல உக்கார வெக்கட்டா? நீ வந்தா எழுந்துக்கும்."

அக்காவின் கையுறை மூடி மூடி விரிந்தது.

"இன்னாமே, இதுக்கு என்னை கேக்குற? மாசமா இருக்கிறவள நிக்க வெப்பியா? உக்கார சொல்லு." இடது கையால் போனை வாயருகே இழுத்தார். "காத்து மூஞ்சில அடிக்கும். ஷட்டர எறக்கிக்க சொல்லு. பாதில மாட்டிக்கும் அது. இழுத்தா வராது, ஓரமா, இப்டி…"

போனில் சரோஜம்மாவால் பார்க்க முடியாது என்பதை மறந்து, வலது கையைத் தூக்கி, வெறும் காற்றில் ஒரு தட்டுத் தட்டிக் காட்டினார்.