மேபல் கையால் போட்ட கூட்டுத்தொகை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது 2007இல், கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில் ஒரு சிறிய நிவாரண அலுவலகத்தில், பட்டப்பகலில் நடந்தது. அங்கே வேலை செய்த மேபலுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும்.

போரால் வவுனியாவில் சிக்கியிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு அன்று ஒரு பஸ் வர இருந்தது. அதில் மேபலின் தம்பி கிறகரியும் வர வேண்டும். வழியிலுள்ள சோதனைச்சாவடிக்கு ஆட்களின் தொகையை முன்கூட்டியே ஃபாக்ஸில் அனுப்ப வேண்டும். ஒரு தலை கூடினாலும் குறைந்தாலும் பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் நாள் தொலைபேசியில் வாங்கிய விவரத்தை மேபல் கணினியில் வெறும் எழுத்துக் கோப்பாக அடித்து வைத்திருந்தாள். கோடு போட்ட அட்டவணை. குடும்பத்துக்கு ஒரு வரி, பக்கத்தில் ஆட்களின் எண்ணிக்கை. கடைசி வரியில், மென்பொருளுக்குப் புரியும் ஒரு சூத்திரம். விசையைத் தட்டினால் மேலே உள்ளதெல்லாம் கூடி வரும்.

காலை 7.40. தட்டினாள். 23.

விரல் விட்டுக் கூட்டினாள். 24.

"டைப்ரைட்டர் பழக்கம் இன்னம் போகல்லியா? ஒண்டுக்கு சின்ன எல் அடிச்சிருப்பீங்க" என்று பக்கத்து மேசை கைரியா சிரித்தாள்.

மேபல் பழகிய தட்டச்சு இயந்திரத்தில் ஒன்று என்ற விசையே கிடையாது; ஆங்கிலச் சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். கணினியில் எழுத்தை அடித்தால் சூத்திரம் அதைக் கணக்கில் எடுக்காது. அதனால் எல்லா ஒன்றையும் அழித்துத் திரும்ப அடித்தாள்.

23.

ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தாள். நாலு பேர் குடும்பத்தை எடுத்தால் 19. திரும்பப் போட்டால் 23. கிறகரியின் வரியை எடுத்தாள்...

23.

திரும்பப் போட்டு, அவனுக்கு நேரே ஒன்பது என்று அடித்தாள்.

23...

அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. சூத்திரத்தை அழித்தாள். கையால் 24 என்று அடித்து அனுப்பினாள்.

பிற்பகல் பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். கிறகரி இல்லை.

"இருபத்திமூணு பேருதானே இறங்குனாங்க? எப்படி விட்டாங்க?" என்று சாரதி வீரையாவிடம் கேட்டாள்.

"என்னைய சேக்காம ரெண்டு தடவ எண்ணுனாங்கம்மா. இருபத்திநாலு. சரின்னு கைய காட்டி விட்டாங்க."

"வழியில யாராவது..."

"எங்கயும் நிறுத்தலியே."

மேபல் உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

வவுனியாத் தொலைபேசி மாலையில்தான் வேலை செய்தது. கிறகரி விடியற்காலை ஐந்தரைக்கு, பஸ்ஸுக்கு நடந்து வரும் வழியில், துப்பாக்கிச் சூடு பட்டு அங்கேயே இறந்துவிட்டான்.

பஸ் புறப்பட்டது எட்டு மணிக்கு.