மதியம் தூங்கும் ஊரில், தூங்காத ஒரு ஜீன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் மனைவி மலரும் இரண்டு வயது இனியாவும் புதுச்சேரி போனோம். கடல் பார்க்க அல்ல. இனியாவின் வலது கால் இடது காலைவிடப் பருமன், நீளம். செருப்பையே இரண்டு அளவில் வாங்குகிறோம். அவளுடைய டி.என்.ஏ. பரிசோதனை முடிவு அன்று கிடைக்கும். மலருக்கு அப்போது இரண்டாவது மாதம். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் அப்படி வந்துவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் 11.10க்குப் பேருந்து ஏறினோம். நாற்பது கிலோமீட்டர். பேருந்து நிலையத்திலிருந்து சாரம் பகுதியிலுள்ள கிளினிக்குக்கு ஆட்டோ, 120 ரூபாய். ஒரு மணிக்குப் போய் நின்றால் கிளினிக் பூட்டியிருக்கிறது.

ஆட்டோக்காரர் சிரித்தார். "ஒரு மணிக்கு மேல பாண்டில யாரு சார் கதவத் தொறப்பா? ஊரே தூங்கும். நாலு மணிக்கு வாங்க."

வேறு வழியில்லாமல் கடற்கரைப் பக்கத் தெருக்களுக்கே விடச் சொன்னோம். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. மஞ்சள் சுவர்கள், சாத்திய மரச் சட்ட ஜன்னல்கள், எங்கோ ஒரு மின்விசிறிச் சத்தம். வேப்பமர நிழலில் இனியா என் மடியிலேயே தூங்கிப்போனாள். அரைத்தூக்கத்தில் எனக்கும் எல்லாம் மிதப்பதுபோல் இருந்தது. மலர் மட்டும் கண் மூடவில்லை.

நாலு மணிக்கு மருத்துவர் முடிவை விரித்தார். "ஒடம்ப வளக்கிற ஜீன் ஒண்ணு இருக்குங்க. அப்பா குடுத்தது முழிச்சிருக்கும், அம்மா குடுத்தது தூங்கணும். அதத் தூண்டுற டி.என்.ஏ. துண்டு கொஞ்சம் தள்ளி இருக்கு. நடுவுல இன்சுலேட்டர்னு ஒரு துண்டு. அம்மா குடுத்ததுல அங்க ஒரு புரதம் வந்து உக்காந்துக்கும், தூண்டல் ஜீனுக்குப் போவாது. இவளுக்குச் சில செல்லுல அந்த எடத்துல ஒரு ரசாயனக் குறி விழுந்திருக்கு. புரதம் உக்கார முடியல. ரெண்டு ஜீனும் முழிச்சிக்கிச்சு."

எனக்கு அந்த ஜன்னல்கள்தான் நினைவுக்கு வந்தன. தெருவில் ஒரே வெயில்தான். சாத்திய அறைக்குள் மட்டும் அது போகவில்லை.

மலர் தயங்கினாள். "இவ வயித்துல இருந்தப்ப கிரகணத்தன்னைக்கு வெளிய போனேன் டாக்டர். அதனாலயா?"

"அய்ய, இல்லம்மா. நீ செஞ்சது ஒண்ணுமே இல்ல. இன்சுலேட்டரோட டி.என்.ஏ. எழுத்து ஒடையல, மேல விழுந்த குறிதான் தப்பு. எழுத்து ஒடைஞ்சிருந்தா அடுத்த புள்ளைக்கும் பயப்படணும். இதுல திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்பக் கம்மி."

எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

போகிறவர்களுக்கு: ஒன்றிலிருந்து நாலு வரை பாண்டியில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட குழந்தை உள்ளவர்கள், கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க மருத்துவர் சொல்லும் குழந்தையின் வயிற்று ஸ்கேனை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். எங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒன்று. அப்புறம், யாராவது கிரகணம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுங்கள்.

ஆறு மணிக் கடற்கரையில் இனியா ஒரு பெரிய செருப்பும் ஒரு சின்னச் செருப்புமாக ஓடினாள். மலர் போனை எடுத்தாள்.

"அம்மா, ஒக்காந்திருக்கியா? எனக்கு ரெண்டு மாசம்மா."