எண்ணெய் தேங்கிய இலை

போன ஞாயிறு மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் தோழி வசந்தி வீட்டில் மதியச் சாப்பாடு. பக்கத்துத் தீவான இல்-பிசாரிலிருந்து பஸ்ஸுக்குக் காத்திருந்து நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல பசி. ஆனால் வசந்தி சோறு போடவில்லை. டிவியில் ஒரு படத்தைப் போட்டாள். பச்சைக்குள் மினுங்கும் மஞ்சள் துளிகள்.

“இலைக்குள்ள எண்ணெய்! எங்கட துஷாதான் வர வைச்சவள்.”

துஷா அவள் மகள். மொன்றியலிலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் தாவர செல்களை ஆராய்கிறாள். ஆய்வு முடிந்த கையோடு, வரும் கோடையில் கலியாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி, மண்டபமும் பிடித்தாயிற்று.

வந்திருந்த எல்லோரும் கைதட்டினோம். வேறென்ன செய்வோம்? உடம்பு வைத்தால் சுகம், மெலிந்தால் வருத்தம் — எங்கள் மருத்துவ அறிவு அவ்வளவுதான். கதவைத் திறந்த துஷாவிடம், சப்பாத்தைக் கழற்றுமுன்பே “மெலிஞ்சு போனாய் பிள்ளை” என்று சொன்னவள்தானே நான்!

துஷா மட்டும் சிரிக்கவில்லை. போனில் இன்னொரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். இரண்டு சட்டிகள். ஒன்றில் செழித்த செடி. மற்றதில்... வெளிறிப்போன ஒரு குட்டைச் செடி.

“எண்ணெய் வந்தது இந்தக் குட்டையில, அன்ரி.”

விளக்கினாள். இலையின் செல்லுக்குள் வெயிலைப் பிடித்து உணவாக்கும் குட்டி அறைகள் உண்டு. அவற்றைச் சுற்றி மென்சவ்வு. வெளியே தயாராகும் கொழுப்பை உள்ளே கொண்டுபோவது அந்தச் சவ்வில் இருக்கும் ஒரு புரதம். அது இல்லாமல் செடியை வளர்த்தால் கொழுப்பு வெளியிலேயே தேங்கி, எண்ணெய்த் துளியாகிவிடுகிறது. அறைக்குள்ளோ பட்டினி.

“கூடினதெண்டு நினைச்சம். அது போகவேண்டிய இடத்துக்குப் போகேல்லை.”

எனக்குச் சுருக்கென்றது. நிறைந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தே, அந்த வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எத்தனை முறை முடிவு கட்டியிருப்பேன்? உள்ளே யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்டதே இல்லை.

மறுநாள் துஷா தன் பேராசிரியர்கள் முன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும்.

“முதல் படத்தை மட்டும் காட்டினால் கைதட்டுவினம், அன்ரி.”

“ரெண்டையும் காட்டினால்?”

“செடி ஏன் குட்டையாப் போச்செண்டு கேட்டு, திருப்பிச் செய்யச் சொல்லுவினம். இன்னும் ஒரு வருசம். கலியாணமும் தள்ளிப்போகும்.”

சோறு போட வந்த வசந்தி கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஊரெல்லாம், லண்டன் வரைக்கும், சொல்லிவைத்த கலியாணம்.

“நீ எதைக் காட்டப் போறாய்?” என்றாள் மகளிடம்.

“ரெண்டையும், அம்மா.”

வசந்தி கரண்டியை வைத்துவிட்டு, லண்டனில் இருக்கும் தங்கைக்குப் போன் எடுத்தாள்.

“ஓமடி... கலியாணம் அடுத்த வருசம்தான். சீச்சீ, மாப்பிள்ளை வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை. செடிக்குச் சுகமில்லை.”