வாசலில் வைத்த தேசிக்காய்

கடையே இல்லாத கடை அது. இணையத்தில் பகிடி வீடியோக்கள் போட்டுப் பெயரெடுத்த ஒரு சிங்கள இளைஞன் தன் பெயரில் பர்கர் விற்கத் தொடங்கினான். இருந்து சாப்பிட இடமில்லை, பெயர்ப்பலகையும் இல்லை. போனில் ஓடர் கொடுத்தால் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும். சமையல், அங்கங்கே வாடகைக்குப் பிடித்த அறைகளில். கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த அறை எங்கள் வீட்டுக் கராஜ். சமைத்தவள் என் மனைவி. முதலாளியை நாங்கள் நேரில் கண்டதில்லை. பெட்டி மூடியில் சிரிக்கும் முகத்தைத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் ஒரு தேசிக்காயை வெட்டி, குங்குமம் தடவி, கராஜ் வாசலின் இரு பக்கமும் வைப்பாள். கண்ணூறுக்கு. எங்கள் பக்கத்துக் கடைகள் பலவற்றில் இருப்பதுதான்.

போன வருடம் ஆடிவேல் திருவிழா முடிந்த வெள்ளி. நாள் பார்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். எண்பத்து மூன்று ஆடியில், இதே ஒழுங்கை முனையில் தமிழர் வீடுகளை எரிக்கக் கூடிய சனத்தை ஜன்னல் இடுக்கால் பார்த்த பிள்ளை நான். அதனால் ஆடி வந்தால் இன்னும் கூடுதலாகப் பார்ப்பேன்.

அன்று பின்னேரம், ஓடர் எடுத்துப்போக வழமையாக வரும் கிராண்ட்பாஸ் ரைடர், நரைத்த தாடிக்காரர், போனை நீட்டினார். "அண்ணே, இது ஒங்கட வாசல்தானே?"

பர்கர் எங்கே தயாராகிறது என்று கண்டுபிடிக்க, ரசிகன் ஒருவன் ஒரு ரைடரைப் பின்தொடர்ந்திருக்கிறான். வீடியோவில் எங்கள் கேற், எங்கள் தேசிக்காய். சிவந்த பாதியைக் கிட்டக் காட்டி, 'ஹூனியம்' என்கிறான். சூனியம். சாப்பாட்டில் என்ன கலக்கிறார்களோ என்று கீழே ஒருவர் எழுதியிருந்தார். இடம் எது என்று இன்னொருவர் கேட்க, ஒழுங்கையின் பெயரை யாரோ போட்டிருந்தார்கள்.

பர்கர் கொம்பனிக்கு முறையிட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் அனுப்பியது. கதைக்க ஒரு மனிதக் குரல் இல்லை.

வெளிச்சம் குறையமுன்பே மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கத் தொடங்கின. ஹெல்மெட்டுக்குள் ஒரு முகமும் தெரியவில்லை.

"இஞ்சருங்கோ, கேற்றைப் பூட்டட்டே?"

"பூட்டினா பயந்திட்டம் எண்டு தெரிஞ்சிடும்."

"பயந்திட்டம்தானே!"

கேற்றில் யாரோ தட்டினார்கள். ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். தாடிக்காரர்தான்.

"அக்கா, எல்லாம் ஓடருக்கு வந்த ரைடர்மார். ஹூனியம் பர்கர் திண்டா உட்டுட்டுப் போன காதலி திரும்பி வருவாளாம். கொழும்பு முழுக்க இவ்வளவு காதல் தோல்வியா எண்டு எனக்கே தெரியாம போச்சு!"

மனைவி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் பின்னால் ஒருவன் சாப்பாட்டுப் பை இல்லாமல் நின்று, எங்கள் வீட்டு இலக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தாடிக்காரர் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஓடருக்கு வந்தவன் இல்ல, அண்ணே."

அடுத்த நாள் பெட்டி மூடியின் முகமே ஒரு வீடியோவில் பேசியது. தன் 'பேய்ச் சமையலறை'யைத் தேடிப் பிடிக்கச் சொல்லி ரசிகர்களை அழைத்தான். ஓடர்கள் கூடின. ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் நாங்கள் கை வேலையை விட்டு நிமிர்ந்தோம். வந்தவன் பையைத் திறக்கும் வரை, சாப்பாட்டுக்கு வந்தவனா வேறெதற்கா என்று தெரியாது.

அடுத்த வெள்ளி, தேசிக்காயோடு மனைவி வாசலில் நின்றாள். "வைக்கட்டே, விடட்டே? வைச்சா படம் பிடிப்பாங்கள். வைக்காட்டி எனக்கு மனசு கேக்காது."

"உள்ளுக்கு வையும்."

கராஜ் கதவின் உட்பக்கம் வைத்தாள். பிறகு, நான் சொல்லாமலே, ஓடர் வரும் கருவியை நிறுத்தினாள். இனிச் சமைப்பதில்லை என்று கொம்பனிக்கு அறிவித்தோம். அதற்கும் இயந்திரமே நன்றி சொன்னது.

அன்று பின்னேரம் ஒரு மோட்டார் சைக்கிள் கேற்றடியில் வந்து நின்றது. ஓடர் எதுவும் இல்லை. எஞ்சினை அவன் நிறுத்தவில்லை.