சேவியர் செராங்கு பற்றவைக்காத சுருட்டுகள்

சேவியர் செராங்கு இறந்துபோன செய்தி எனக்கு மஸ்கட்டிலிருந்து வந்தது. அவர் இருந்தது ராயபுரத்தில், என் வீடு காலடிப்பேட்டையில். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனாலும் அந்தச் சாவு கடல் தாண்டிப் போய்த் திரும்பித்தான் என்னிடம் வந்தது. அவருடைய மகள் ஷீலா போனில் அழவில்லை. "அங்கிள், அப்பா கதவத் தொறக்கலன்னு பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்க. தாழ்ப்பாள ஒடச்சுத்தான் உள்ள போயிருக்காங்க. நான் வர்ற வரைக்கும் நீங்க அப்பாகூட இருங்க" என்றாள். நான் போனபோது அவர் சுவரைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் கை வரவில்லை.

துறைமுகத்தில் அவரோடு இருந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. பிறகு வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துத் துறைக்குள் சேர்க்கும் டக் படகில் அவர் செராங்கு. படகு அவர் சொன்னபடி நடக்கும். நான் கீழே இன்ஜின் அறையில் இருப்பேன். ஒரு மழைக்காலத்தில், கப்பலை இழுத்துக்கொண்டிருக்கும்போதே படகில் கயிறு வேலை பார்க்கும் எங்கள் கலாசி ஒருவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டார். செராங்கு உடனே இன்ஜினை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டு நானும் மேலே ஓடி வந்தேன். கப்பலைத் துறைக்குள் வழிநடத்தும் பைலட் மேலிருந்து வயர்லெஸ்ஸில் கத்துகிறார். கப்பல் காற்றில் ஒதுங்கத் தொடங்குகிறது. இவர் மிதவை வளையத்தைத் தூக்கிப் போட்டார். கலாசி மேலே வந்த பிறகுதான் எங்களைப் பார்த்து, "கப்பலு நிக்கும்பா. ஆளு நிக்கமாட்டான்" என்றார். அதற்காக அவரை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயும் இதையேதான் சொன்னார்.

பீடி, சிகரெட் எதையும் அவர் தொட்டதில்லை. இளம் வயதில் ஒரு வெளிநாட்டு கேப்டன் கொடுத்த சுருட்டுதான் அவரை மயக்கியது. அதன் பிறகு கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒன்று. வருடத்துக்கு அந்த ஒன்றுதான். "ரிட்டயரானதும் வாராவாரம் பூசை முடிஞ்சி வந்து ஒண்ணு புடிப்பேன். அதுக்காகத்தான் இவ்ளோ நாளா அடக்கிகினு கீறேன்" என்பார். அவர் ஓய்வு பெற்றபோது ஷீலா புதிதாக ஒரு மரப்பெட்டியையும் சுருட்டுகளையும் ஊருக்கு வருகிறவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். சுருட்டு காயாமலும் பூசணம் பிடிக்காமலும் காக்கிற பெட்டி. அதற்கு ஹியூமிடார் என்று பெயர். எங்களுக்கு அது பெட்டிதான்.

சுருட்டுகளை நேரே உள்ளே அடுக்கிவிடலாம் என்று நினைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். புது மரம் தாகத்தோடு இருக்கும், சுருட்டின் ஈரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும், முதலில் மரத்துக்கு ஊட்ட வேண்டும் என்றார். குழாய்த் தண்ணீர் ஆகாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி வந்தோம். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து உள்பக்கத்தை மெல்லத் துடைத்தார். அதே தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி உள்ளே வைத்து மூடினார். பெட்டியோடு வந்த ஈரம் காட்டும் முள்ளையும் அவர் நம்பவில்லை. பாட்டில் மூடியில் உப்பைக் குழைத்து, முள்ளோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தார். குழைத்த உப்பைச் சுற்றி ஈரம் எழுபத்தைந்து சதவீதம் இருக்கும்; அதைக் காட்டினால்தான் முள் சரி. அது காட்டவில்லை. திருகித் திருத்தினார். பிறகு காத்திருந்தார். தினமும் திறந்து மரத்தைத் தடவிப் பார்ப்பார், மூடுவார். அவருடைய மனைவி ஆக்னஸ் அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஷீலா பொறந்தப்போகூட இந்த மன்சன் இப்டி பாத்துகினு இருந்ததில்ல" என்றார்.

ராயபுரத்துக் காற்றில் அந்தப் பெட்டியைக் காப்பது லேசான வேலை இல்லை. மழைக்காலத்தில் முள் ஏறிக்கொண்டே போகும். கிண்ணத்தை எடுத்துவிட்டு ஈரத்தை உறிஞ்சும் பொட்டலத்தை வைக்க வேண்டும். வெயில் ஏறினால் புகையிலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரித்துவிடும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் உள்ளறையில் அண்ணியின் பீரோ. புடவைகளுக்குக் கீழே பெட்டி குடியேறியது. "கோயிலுக்குப் போனா எல்லாரும் என்ன மோந்து பாக்குறாங்க" என்று அண்ணி சண்டை போட்டார். ஆனால் பெட்டியை வெளியே எடுக்கவில்லை.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, மரம் ஊறித் தயாராகி, சுருட்டுகளை அடுக்கி முடித்த சமயத்திலேயே, அண்ணிக்கு வெகுநாளாக இருந்த இருமல் நுரையீரல் நோய் என்று தெரிந்துவிட்டது. வீட்டில் புகையே கூடாது, ஊதுவத்தியும் கூடாது என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைச் சுருட்டு அன்றோடு நின்றது. உண்மையில் அது தொடங்கவே இல்லை. கடற்கரைக்குப் போய்ப் பிடிக்கலாமே என்றேன். "சட்டையில வாசன வரும்பா. அவளுக்கு இழுக்கும்" என்றார். ஆனால் பெட்டியை மட்டும் விடாமல் பார்த்துக்கொண்டார். ஆக்சிஜன் மெஷின் ஓடும் அறையில், அண்ணிக்கு மருந்து கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து முள்ளைப் பார்ப்பார். ஒருநாள் நான் இருக்கும்போதே அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "நான் போயிட்டா உனுக்கு ஜாலிதான்யா. குந்திகினு ஒண்ணொண்ணா புடி." அது விளையாட்டுப் பேச்சு. செராங்கும் சிரித்தார்.

அண்ணி போன பிறகு அந்த விளையாட்டு விஷமாகிவிட்டது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் நான்தான் கேட்டேன். "அண்ணே, அண்ணியே சொன்னாங்க இல்ல? ஒண்ணு புடிச்சா மனசு கொஞ்சம் லேசாவும்." பீரோவைத் திரும்பிப் பார்த்தார். "அவ சொன்னதாலதான்பா முடியல. இப்போ பத்தவச்சா, அவ எப்போ போவான்னு காத்துகினு இருந்த மாதிரி ஆயிடும்." அப்படி யாரும் நினைக்கமாட்டார்கள் என்றேன். "நானு நெனைப்பேன்" என்றார்.  

அதற்குப் பிறகும் சில மாதங்கள் முள்ளைப் பார்த்தார், தண்ணீர் ஊற்றினார். பிறகு விட்டுவிட்டார். கோயிலுக்குப் போவதும் நின்றது. சோறு வடிப்பது நின்று பன்னும் டீயும் ஆனது. ஷீலா மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். "அங்க வந்து இன்னா பண்ணப் போறேன்" என்றார். மழைக்காலத்தில் ஒருநாள் பெட்டியைத் திறந்தேன். சுருட்டுகளின் மேல் வெள்ளையாகப் பூசணம். நானே துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன், மரத்தையும் துடைத்தேன், புதுப் பொட்டலம் வாங்கி வைத்தேன். கட்டிலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உடுப்பா. யாருக்கு?" என்றார். நான் விடவில்லை. அடுத்த முறை போனபோது பெட்டி ஜன்னலோரம் இருந்தது. மூடி திறந்தே கிடந்தது. ஈரம் ஏறிச் சுருட்டுகள் உப்பி வெடித்திருந்தன. வண்டு துளைத்த பொடி அடியில் படிந்திருந்தது. ஏன் அண்ணே என்றேன். "மூடி வச்சா இன்னும் எதுக்கோ காத்துகினு கீற மாதிரியே கீது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும்.

ஷீலா வந்து சேர்ந்த மறுநாள் அண்ணியின் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்தோம். வீட்டைக் கூட்டும்போது பெட்டியில் கிடந்த சுருட்டுத் தூளைப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா ஒண்ணாவது புடிச்சாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன். "நான் அனுப்பியே இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கையில் துடைப்பத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். உன் மேல் தப்பில்லை என்று அவளிடம் சொன்னேன். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பெட்டியை அவள் யாருக்கோ கொடுத்துவிட்டாள். எனக்கு வேண்டுமென்று நான் கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பேச்சுதான். கடைசியாகப் போன அன்று, அவரைத் தனியே விட மனமில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. என் மனைவி இரண்டு முறை போன் செய்தாள்; எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடித்தபோது அவர் கண்ணைத் திறந்தார். "போப்பா. உனுக்கு வூட்ல ஆளு கீது." நான் எழுந்தேன். அவரும் மெதுவாக எழுந்து வாசல் வரை வந்தார். நான் தெருமுனை திரும்பும்வரை கதவை மூடும் சத்தம் கேட்கவில்லை. இப்போதெல்லாம் எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் பேச்சு நீண்டு பொழுது சாயும்போது அந்தக் குரல் கேட்கிறது. உடனே எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறேன். வீட்டில் ஆள் இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டு, அது திறக்கும்வரை ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது.