முட்டிக்கொண்ட விரல்கள்

வீட்டில் கடைக்குட்டியான அவள் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்து ஊழியர்களிலும் சின்னவள்தான். காது நன்றாகக் கேட்கிற, பேச்சு மட்டும் இன்னும் வராத குழந்தைகளுக்கு அங்கே சைகை சொல்லித்தந்தாள். பாலுக்குக் கையை மூடித் திறக்க வேண்டும். வலித்தால் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று முட்ட வேண்டும், அதுவும் வலிக்கிற இடத்தருகே.

அன்று மாலை, வீறிட்டழும் மகனை இடுப்பில் வைத்தபடி ஒரு தாய் மேலாளரிடம் சீறினாள். "இது காப்பகமா, நாட்டியப் பள்ளியா? இப்படியே கையாட்டிட்டிருந்தா எம்புள்ள வாயே திறக்க மாட்டான். இவள வேலைய விட்டு நிறுத்துங்க."

மேலாளர் சின்னவளைப் பார்த்தார். அவளோ முட்டி முட்டிப் பிரிந்த குழந்தையின் விரல்களையே பார்த்தாள்.

"அக்கா, அவனுக்கு எங்கயோ வலிக்குது."

"பசிக்குது. எம்புள்ளய எனக்குத் தெரியாதா?"

தாய் நீட்டிய பால் புட்டியை அவன் தட்டிவிட்டான்.

"எங்கடா தங்கம்?" என்று சின்னவள் விரல்களை முட்டிக் காட்டினாள். அவன் குனிந்து, வலது காலுறையின் மேல் விரல்களை முட்டினான்.

காலுறையைக் கழற்றினாள். நீண்ட தலைமுடி ஒன்று கட்டைவிரலை இறுக்கிச் சுற்றியிருந்தது. விரல் நீலம் பாரித்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரி நுனியால் அதை அறுத்தாள். மெல்ல மெல்ல விரல் சிவந்தது. அழுகை அடங்கியது.

தாயின் கை தன் கூந்தலுக்குப் போனது. பிறகு சின்னவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "வலி போயிடுச்சான்னு கேக்க எப்படிக் காட்டணும்?"